பருவத்தைக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள்

அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மில்க் கலந்தார்கள். நாலு வயது மகளுக்குக் குட்டையான அகல டம்ளர், அண்ணனுக்கு ஒடுக்கமான உயர டம்ளர். இரண்டிலும் ஒரே அளவு. அக்கா என் கண் முன்னால்தான் அளந்து ஊற்றினாள். சின்னவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அவனுக்குத்தான் நிறைய” என்று அழ ஆரம்பித்தாள். அண்ணனுடையதை இன்னொரு குட்டை டம்ளருக்கு மாற்றிக் காட்டியதும் அழுகை நின்றது. “இப்ப சரியா இருக்கு.” திரும்ப உயர டம்ளருக்குப் போனதும் மறுபடியும் அழுகை. “இந்த வயசுலயே எவ்வளவு பேராசை பாரு” என்றார் பாட்டி.

அது பேராசை இல்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளரான ழான் பியாஜே இதே விளையாட்டைத் தண்ணீரை வைத்துச் சோதனையாகவே செய்தார். ஏறத்தாழ ஏழு வயது வரை பெரும்பாலான குழந்தைகளுக்கு உயரத்தையும் அகலத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வராது. கண்ணில் எடுப்பாகத் தெரிவதுதான் அளவு. ஒரு முறுக்கை இரண்டாக உடைத்துக் கொடுத்துப் பாருங்கள், ‘எனக்கு ரெண்டு’ என்று அதே குழந்தை குதிக்கும். பேராசைக்காரி இப்படியா ஏமாறுவாள்? கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினால் சில குழந்தைகள் முன்னதாகவே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று பியாஜேக்குப் பின் வந்தவர்கள் காட்டினார்கள். அதனால் ஏழு என்பதையும் கெடுத் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளை வளர்ப்பில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான் என்பேன்: அந்த வயதின் இயல்பைப் பிடித்து, அந்த ஆளின் குணம் என்று பெயர் வைத்துவிடுவது. இரண்டு வயதுப் பிள்ளை செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு ‘நானே, நானே’ என்று நம் கையைத் தட்டிவிட்டால் பிடிவாதக்காரன். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுப் படிகளாகப் பிரித்தபோது, இந்த ‘நானே’தான் இரண்டாம் படியின் முழு வேலை என்றார். அங்கே கிண்டலும் அதட்டலும் அதிகமானால், தன்னால் முடியுமா என்ற சந்தேகமும் கூச்சமும் மிஞ்சும். அஞ்சு நிமிடம் முன்னால் கிளம்பினால் தீரும் விஷயம் இது.

பெயர் வைப்பதிலும் மோசம், விருந்தாளிகள் முன்னால் வைப்பது. “இவ ரொம்பக் கூச்சம், யார்கிட்டயும் பேச மாட்டா.” புது இடத்தில் கலந்து பழகச் சிலருக்குப் பிறவியிலேயே நேரம் அதிகம் தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவே அறிவித்த பிறகு அந்தப் பெண் எப்படிப் பேசுவாள்? “கொஞ்ச நேரத்துல பழகிடுவா” என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஒப்பீடு. பிள்ளைத்தமிழில் வாரானைப் பருவம், அதாவது தளர்நடை போடும் குழந்தையை ‘வருக’ என்று அழைக்கும் பருவம், ஓராண்டை ஒட்டி வரும். நம் மனதிலும் அதே கணக்குதான். எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டால் இங்கே சோறு இறங்காது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நூற்றில் நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. நேராக அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

இதைச் சாக்காக வைத்து எதிர்ப்பக்கம் சாய்வதும் ஆபத்து. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், போகப் போகச் சரியாயிடும்” என்று மாதங்களை ஓட்டாதீர்கள். ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ மாதிரி இரண்டு சொல் சேர்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களே காணாமல் போனால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

பதின்ம வயதுக்கு வந்தால் தவறு வேறு உருவம் எடுக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்த மே மாதமே பிள்ளை ‘தான் யார்’ என்று தீர்மானித்து பர்ஸ்ட் குரூப்பா காமர்ஸா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ‘லட்சியமே இல்லாதவன்’. எரிக்சனின் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். பெற்ற தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. பள்ளி முடித்து, படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றினார். 1927இல், இருபத்தைந்து வயதில், வியன்னாவில் ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியராகப் போன பிறகுதான், ஆழ்மனதை அலசும் மனப்பகுப்பாய்வின் பக்கம் வந்தார். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் கிடையாது. மாற்றாந்தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்தவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். ‘நான் யார்’ என்ற தவிப்புக்கு ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரே இவர்தான். பதினாறு வயதுப் பையனுக்கு ஒரு கோடை விடுமுறை போதாது என்பதில் என்ன ஆச்சரியம்?

பெரியவர்கள் விஷயத்தில் நம்மைக் கெடுத்தது ஒரு பழமொழி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வளையும். ஆளுமையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தவர்கள் பார்த்தது, வயது ஏற ஏறச் சராசரியாகப் பொறுப்பும் இணக்கமும் கூடுகின்றன, பதற்றம் குறைகிறது என்பதைத்தான். மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். எரிக்சனின் எட்டுப் படிகளில் மூன்று இருபதுக்கு மேல்தான். அவர் 1994இல் இறந்த பிறகு, மனைவி ஜோன் தன் தொண்ணூறுகளில் ஒன்பதாவதாக ஒரு படியைச் சேர்த்தார்.

‘வயசானா இப்படித்தான்’ என்பதும் அதே தவறின் முதிய வடிவம். எரிச்சல், ஒதுங்கல், மறதி எதுவானாலும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உடம்பையும் மனதையும் ஒரு முறை பரிசோதித்துவிட்டு எழுதலாம். மனச்சோர்வு, தைராய்டு, காது என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கும். என் மாமா ஒருவர் இரண்டு வருடமாக யாரோடும் பேசாமல், கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ரிட்டயர் ஆனதால் வந்த கோபம் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். போன வருடம் காதுக்குக் கருவி மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்த ஃபேன் எப்பலேர்ந்து இப்படிச் சத்தம் போடுது?”