ஆர்எக்ஸ் 100-ஐ வீட்டில் பிரித்துக் கட்டும்போது வேலை நிற்கும் இடங்களும் அங்கிருந்து மீளும் வழிகளும்

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் வந்தது. இன்று உங்கள் கைக்குக் கிடைப்பது எப்படிப் பார்த்தாலும் முப்பதை ஒட்டிய அல்லது அதைத் தாண்டிய வயதுள்ள வண்டி. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்), 98 சிசி. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஹெட்டில் வால்வும் கிடையாது, கேமும் கிடையாது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட எளிய என்ஜின் அமையாது. ஆனால் துருவும், பழைய மெக்கானிக்குகளின் கைவண்ணமும் சேர்ந்து நடுவில் எங்கேயாவது வேலையை நிறுத்திவிடும். அப்போது அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு ஒரு ஸ்க்ரூவோடு முடியுமா, என்ஜின் கேஸ் வரைக்கும் போகுமா என்பது தெரியும்.

1. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

ஒரு அட்டையில் கிளட்ச் கவரின் வடிவத்தை வரைந்து, ஸ்க்ரூ இருக்கும் இடத்திலெல்லாம் ஓட்டை போடுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே ஓட்டையில் செருகி வையுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் கேஸ் விரிசல் விடும். குட்டையானதை நீள ஓட்டையில் போட்டால் இரண்டு மரைதான் பிடிக்கும், முறுக்கும்போது அதுவும் உரிந்து வரும். மேக்னட் (கரண்ட் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) கவருக்குத் தனி அட்டை.

பெயின்ட், பஃபிங் வேலைக்குக் கொடுத்தால் என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் டேப் ஒட்டி மறைத்துக் கொடுங்கள். நம்பர் தேய்ந்துவிட்டால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதில் சொல்லி மாளாது.

2. ஸ்க்ரூ வரவில்லை என்றால்

முதலில் நிற்கும் இடம் இதுதான். கவர் ஸ்க்ரூக்கள் 6 மி.மீ., ஜப்பான் அளவு ஸ்டார் தலை. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் அதில் முழுதாக உட்காராது, திருப்பும்போது மேலே ஏறி வழுக்கும். ஒரு முறை வழுக்கியதுமே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு முறை முயன்றால் தலை கிண்ணமாகிவிடும்.

வரிசை இப்படி: துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் ஸ்க்ரூட்ரைவரை நேராக வைத்து அதன் பின்னால் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. பிறகு, சுத்தியால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் ட்ரைவர். அதற்கும் அசையவில்லை என்றால் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். ஸ்ப்ரேயைத் துடைத்து, பெட்ரோல் டேங்கை அடுத்த அறைக்குக் கொண்டுபோன பிறகுதான் சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும்.

தலை முழுதும் போய்விட்டதா? 6 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் துளையுங்கள். தலை கழன்றதும் கவர் வந்துவிடும். மீதி நிற்கும் துண்டில் இப்போது இறுக்கம் இருக்காது. வைஸ் கிரிப் பிளையரில் பிடித்துத் திருப்பினால் வரும். திரும்பப் பூட்டும்போது ஆலன் போல்ட் போட்டுவிடுங்கள். அசல் தோற்றம் வேண்டும் என்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம், அடுத்த முறை கவர் திறக்கும்போது புரியும்.

போல்ட் உள்ளேயே முறிந்து போனால், முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். அது கெட்டியான எஃகு. உள்ளே அது முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது, துண்டில் மட்டும் பிடிக்கும். அந்தச் சூடும் கைகொடுக்கும். சற்று ஆறியதும் நட்டைத் திருப்பினால் துண்டு கூடவே வரும்.

கேஸில் மரை போயிருந்தால் பெரிய போல்ட் போட்டு ஏமாற்ற வேண்டாம். 6×1.0 ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) செட் வாங்கி, 6.3 மி.மீ. பிட்டால் நேராகத் துளைத்து, செட்டில் வரும், மரை வெட்டும் டேப்பை ஓட்டி, சுருளைப் பொருத்துங்கள். பிட்டில் தேவையான ஆழத்துக்கு ஒட்டும் டேப் சுற்றிக்கொண்டால் கேஸைத் துளைத்து அந்தப் பக்கம் போகாது. புது மரையில் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள்.

மேக்னட்டைக் கழற்ற, அதை இழுத்தெடுக்கும் புல்லர் மட்டும்தான். சுத்தியலால் அடித்தால் காந்தம் விரிசல் விடும், க்ராங்க் கோணும்.

3. போரும் பிஸ்டனும்

ஓவர்சைஸ் (அசலைவிடச் சற்றுப் பெரிய) பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். "0.50 போர் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து பிறகு பிஸ்டன் தேடினால் இடைவெளி பொருந்தாது. சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பிஸ்டன் வாங்கும்போது பெட்டியை நம்பாதீர்கள், பிஸ்டன் தலையில் உள்ள அளவைப் பாருங்கள். போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்) ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி முறியும்.

வீட்டுக்கு வந்ததும் ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் முனையை மெல்ல ஃபைல் போட வேண்டும்.

பிஸ்டன் மாட்டும்போது அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங் முனைகள் பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சிறு ஊசியில் உட்கார வேண்டும். அது தப்பினால் சிலிண்டரை இறக்கும்போது 'டிக்' என்று முறியும். க்ராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணி அடைக்காமல், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்கிளிப்பைத் தொடவே கூடாது. துணி இல்லாமல் கிளிப் உள்ளே விழுந்துவிட்டதா? க்ராங்க்கைத் திருப்பாதீர்கள். நீண்ட காந்தக் குச்சியால் தேடுங்கள். கிடைக்காவிட்டால் என்ஜினைக் கவிழ்த்து எடுங்கள். "கீழே எங்கேயோ விழுந்திருக்கும்" என்று பூட்டினால் புதுப் போர் முதல் கிக்கிலேயே கீறிப்போகும். பழைய கிளிப்பை மீண்டும் போடவும் கூடாது.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ராட் கிட் மாற்ற வேண்டும். அதற்கு பிரஸ்ஸும், க்ராங்க் கோணல் பார்க்கும் டயலும் தேவை. பட்டறைக்கே கொடுங்கள்.

4. பூட்டியதும் காற்றுச் சோதனை

டூ ஸ்ட்ரோக்கில் க்ராங்க் கேஸும் பம்ப் மாதிரி வேலை செய்கிறது. இருபுறமும் உள்ள ஆயில் சீல் விட்டால் எல்லாம் கெடும். மேக்னட் பக்கச் சீல் விட்டால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்து, என்ஜின் சூடேறிப் பிடிக்கும். கிளட்ச் பக்கம் விட்டால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும்.

கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் துண்டால் இறுக்கி அடையுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு குழாய் பொருத்தி, பிரஷர் பார்க்கும் மருத்துவக் கருவியின் பல்பால் காற்றடியுங்கள். முள் 300-ஐத் தொட்டால் ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம், சீல் பிதுங்கும். ஆறு நிமிடம் முள் நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வரும் இடத்தைத் தேடுங்கள். கிளட்ச் பக்கச் சீல் வெளியே தெரியாது, அங்கே கியர் ஆயில் ஊற்றும் வாயில் நுரை வரும்.

5. கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் கரண்ட். பெட்ரோலை மூடி, பிளக்கைக் கழற்றி ஹெட்டில் ஒட்டி வைத்துக் கிக் அடியுங்கள். நீலப் பொறி வர வேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. பொறியே இல்லையென்றால், புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி எர்த். காயில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியவிடுங்கள். பாயிண்ட் (பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள வண்டி என்றால் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ., முகத்தில் ஆயில் படலம் இருக்கக் கூடாது.

பொறி இருந்தால் பெட்ரோல். சில கிக்குகளுக்குப் பிறகும் பிளக் காய்ந்தே இருந்தால் டேங்க் துரு கார்பரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். நனைந்து சொட்டினால் ஃப்ளோட் ஊசியில் தூசி.

ஸ்டார்ட் ஆன பிறகு ரேஸ் தானாக ஏறினால் உடனே அணையுங்கள், காற்று எங்கோ புகுகிறது, நான்காம் படியின் சோதனைக்குத் திரும்புங்கள்.

ஆயில் பம்ப் குழாயில் காற்றுக்குமிழி தங்கியிருக்கலாம். அதனால் முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. டூ டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். பம்பை எடுத்துவிட்ட வண்டியில் புதுப் போருக்கு 30 மி.லி. முதல் ஓட்டம் முடிந்து என்ஜின் முழுதாக ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்காக ஒருமுறை டைட் பாருங்கள்.