இடுப்பு மூட்டு மாற்றிய பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். சிரமம் வீட்டில்தான். பின்பக்கமாகத் திறந்து மூட்டை மாற்றியிருந்தால், பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. மடக்கினால் செயற்கை மூட்டின் பந்து, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்திலிருந்து நழுவலாம். ஆகவே இந்தியன் டாய்லெட், சம்மணம், தாழ்ந்த சோபா மூன்றும் வேண்டாம். உட்காரும் இடம் முழங்காலைவிட உயரமாக இருக்கட்டும். உட்கார்ந்தபடியே குனிந்து செருப்பை எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். படுக்கும்போது கால்களுக்கு இடையே தலையணை.

படி ஏற நல்ல கால் முதலில். இறங்க ஆபரேஷன் செய்த கால் முதலில்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, நடக்கத்தான் ஆரம்பித்தாயிற்றே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் உடனே 108.