சக்கர நாற்காலியில் பஸ் ஏறும்போது

சிங்கப்பூரில் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். பஸ் நெருங்கும்போதே ஓட்டுநர் பார்வையில் படும்படி நின்று கையைக் காட்டுங்கள். அவர் இறங்கி வந்து நடுக்கதவில் சாய்பலகையை விரிக்கும்வரை பொறுங்கள். அது அவர் வேலைதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

உள்ளே பலர் தவறுவது திசையில். நாற்காலியின் முதுகு, அதற்கான இடத்திலுள்ள மெத்தைப் பலகையை ஒட்டி இருக்கவேண்டும். அதாவது நீங்கள் பஸ்ஸின் பின்பக்கம் பார்த்து உட்காரவேண்டும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் திடீர் பிரேக்கில் தடுக்க எதுவும் இருக்காது, நாற்காலி முன்னால் ஓடிவிடும். இரு சக்கரப் பிரேக்கையும் போடுங்கள். மின்சார நாற்காலி என்றால் விசையையும் அணைத்துவிடுங்கள், கை பட்டாலே நகரும்.

இறங்க, அங்கேயே உள்ள நீலப் பொத்தானை அழுத்துங்கள். சாதாரண மணியை மட்டும் அடித்தால் சாய்பலகை தேவை என்பது ஓட்டுநருக்குத் தெரியாது.