ஸ்பானிஷில் 'செய்' என்று சொல்லும்போது செய்யும் தவறுகள்

அப்லார் (பேசுதல்), கொமேர் (சாப்பிடுதல்), எஸ்க்ரிபீர் (எழுதுதல்). ஆர், ஏர், ஈர் என்று முடியும் இந்த மூன்று வகை ஒழுங்கு வினைகள் போதும், ஸ்பானிஷில் ஏவல் எப்படி உருவாகிறது என்று பார்க்க. (அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலாக எழுதியிருக்கிறேன். சொல்லிப் பார்க்க வசதி.)

நண்பனிடம் 'பேசு' என்று சொல்ல நினைத்துப் பலர் 'ஆப்லஸ்' என்கிறார்கள். அது 'நீ பேசுகிறாய்'. கடைசி 'ஸ்' போக வேண்டும்: ஆப்ல, கோமெ, எஸ்க்ரீபெ. 'அவன் பேசுகிறான்' என்பதற்கும் இதே வடிவம்தானே என்று தயங்க வேண்டாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

நிஜமான சிக்கல் மரியாதை வடிவத்தில்தான். 'உஸ்தேத்' என்று அழைக்கும் ஒருவரிடம் பேசும்போது கடைசி உயிர் இடம் மாறும். 'ஆர்' வினைக்கு எ, மற்ற இரண்டுக்கும் அ: ஆப்லெ, கோம, எஸ்க்ரீப. வீட்டுப் பெரியவரிடம் பணிவான குரலில் 'கோமெ' என்றாலும் அது வெறும் 'சாப்பிடு'தான். முன்னால் 'உஸ்தேத்' சேர்த்து 'உஸ்தேத் கோமெ' என்றாலோ, 'நீங்கள் சாப்பிடுகிறீர்கள்' என்று செய்தி சொன்னதாகிவிடும்.

தமிழர்களுக்கென்றே ஒரு பொறியும் உண்டு. நம் 'சாப்பிடுங்கள்' ஒரு பெரியவருக்கும் பொருந்தும், பத்துப் பேருக்கும் பொருந்தும். ஸ்பானிஷில் பத்துப் பேருக்கு 'ன்' சேர்த்து 'கோமன்', ஒருவருக்குக் 'கோம' மட்டுமே. மரியாதைக்காக ஒருவரிடம் 'கோமன்' என்றால், அவர் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். லத்தீன் அமெரிக்காவில் நண்பர் கூட்டத்துக்கும் இதே 'ன்' வடிவம்தான். ஸ்பெயினில் நண்பர்கள் பலர் என்றால் அப்லாத், கொமேத், எஸ்க்ரிபீத்.

இந்தத் 'த்' ஸ்பெயின்காரர்கள் வாயிலேயே பேச்சில் 'ர்' ஆகி 'அப்லார்' என்று வரும். கதவுகளிலும் 'எம்புஹார்' (தள்ளவும்) என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து எதிரில் நிற்பவரிடமும் 'ஆர்' வடிவத்தையே நீட்டாதீர்கள். பலகையில் அது சரி, ஆளிடம் சொன்னால் அரைகுறைப் பேச்சு.

அப்புறம் 'அதை' என்பதற்கான 'லொ'. ஏவலில் அது வினையின் வாலில் ஒட்டும்: கோம்ப்ரலொ, 'அதை வாங்கு'. முன்னால் வைத்து 'லொ கோம்ப்ர' என்றால் 'அவன் அதை வாங்குகிறான்'. ஒட்டினாலும் அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் எழுதும்போது அந்த உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போட வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். 'வாங்காதே' என்னும்போது மட்டும் 'லொ' முன்னால் போகும், வினையும் மாறும்: நோ லொ கோம்ப்ரெஸ். வெறுமனே 'நோ' சேர்த்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அர்ஜென்டினாவில் 'நீ'க்கு 'போஸ்' என்பார்கள். அங்கே அழுத்தம் கடைசிக்குத் தாவும்: அப்லா, கொமே, எஸ்க்ரிபீ. புவனோஸ் ஐரஸில் நீங்கள் 'ஆப்ல' என்றாலும் புரிந்துகொள்வார்கள், வெளியூர்க்காரர் என்பது மட்டும் தெரிந்துவிடும்.