மொட்டை மாடியில் சம்பங்கி: கிழங்கு நடுவது முதல் பிரித்து நடுவது வரை

கொடைக்கானல் தோட்டங்களில் நீல நிற அகபாந்தஸைப் பார்த்துவிட்டு, அதையே மதுரை வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. குளுமையில் செழிக்கும் செடியை மொட்டை மாடிக் கத்திரி வெயிலில் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அதே நீள இலையும் நிமிர்ந்த பூந்தண்டும், கூடவே மணமும் வேண்டுமென்றால் நிலச்சம்பங்கி போடுங்கள். நிலக்கோட்டைப் பக்கம் வயலிலேயே விளைகிற பூ, நம் வெயிலைத் தாங்கும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்: ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். அடுத்த பூ, அதன் பக்கத்தில் விடும் குட்டிக் கிழங்குகளிலிருந்துதான் வரும். "போன வருஷம் பூத்துச்சு, இந்த வருஷம் வெறும் இலைதான்" என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். குட்டிகள் நெருக்கத்தில் பருக்காமல் கிடக்கும்.

1. கிழங்கு

25 முதல் 30 கிராம் எடையுள்ள, கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் கிழங்கு வேண்டும். சுண்டுவிரல் பருமனில் இருப்பதை நட்டால் முதல் வருஷம் இலைதான். தோண்டி உடனே நடக்கூடாது. ஒரு மாதம் நிழலில் உலர்ந்திருக்க வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். மாலைக்கும் மணத்துக்கும் இதழ் ஒற்றை அடுக்காக உள்ள ரகம், பூச்சாடிக்கு இரட்டை அடுக்கு. ஒற்றையில் பிரஜ்வல், சிருங்கார் இரண்டும் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை. பிரஜ்வல் மொட்டில் லேசான ரோஸ் சாயல் இருக்கும்.

2. மண்

செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள செடி வளர்ப்புப் பைக்கு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் சேருங்கள். கரிசல் மண்ணை மட்டும் நிரப்பினால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். தக்காளி, கத்தரி, வெண்டை வளர்ந்த பழைய மண்ணும் ஆகாது. அதில் வேர்முடிச்சு நூற்புழு (வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு புழு) இருக்க வாய்ப்பு அதிகம்.

3. நடவு

ஆனி, ஆடி மாதங்கள் தோது. மேலே சொன்ன பைக்கு ஆறு கிழங்கு போதும். கூர்முனை மேலே பார்க்க, நுனிக்கு மேல் ஓர் அங்குலம் மண் மூடும்படி நடுங்கள். ஒரு தடவை நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மண் காய்ந்து தூசியானால் மட்டும் லேசாகத் தெளிக்கலாம். இந்த இடைவெளியில் தினமும் ஊற்றித்தான் நிறையக் கிழங்கு வீணாகிறது.

4. வெயில், தண்ணீர், உரம்

குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் இலை நீளும், தண்டு வராது. இலை வந்தபின் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றுங்கள். சித்திரையில் தினமும் தேவைப்படலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும், மண்மேல் வெள்ளையாக உப்புப் படியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பைக்கு அடியில் ஒழுகும்வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, மாதம் இருமுறை பைக்கு ஒரு லிட்டர். புண்ணாக்கை அப்படியே மண்ணில் புதைத்தால் எலி தோண்டும், கிழங்கும் போகும். பூ முடிந்ததும் உரத்தை நிறுத்திவிடாதீர்கள். குட்டிகள் பருக்கும் நேரமே அதுதான்.

5. பறிப்பு

நட்ட மூன்று, நான்கு மாதத்தில் தண்டு வரும். உதிரிப்பூவுக்கு, விரியும் நிலையிலுள்ள மொட்டுகளை விடியற்காலையில் பறியுங்கள். சாடிக்கு, அடியிலுள்ள இரண்டு மூன்று பூ விரிந்ததும் தண்டோடு வெட்டலாம். மீதி கீழிருந்து மேலாக விரியும். இரட்டை அடுக்கில் பூ கனம் என்பதால் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

6. கோளாறுகள்

மண்ணை ஒட்டிய இலையடியில் வெள்ளைப் பூஞ்சையும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் தண்டழுகல். அந்தச் செடியைச் சுற்று மண்ணோடு அகற்றிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். கோடையில் இலை பழுப்பேறி மங்கினால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். இலைப்பேனுக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வளராமல் குன்றிய செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் ஒரு போகம் கேந்தி (செண்டுமல்லி) போடுங்கள். புதிதாக வாங்குவதானால் நூற்புழுவை ஓரளவு தாங்கும் சிருங்கார் ரகம் மேல்.

7. பிரித்து நடுதல்

இரண்டு வருஷம் முடிந்ததும் பை நெரிசலாகிவிடும். பங்குனியில் மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை மஞ்சளானதும் தோண்டுங்கள். மண்ணைக் கழுவாமல் உதிர்த்து, நிழலில் மணல்மேல் பரப்புங்கள். வாரம் ஒருமுறை புரட்டி, மெத்தென்று ஆனவற்றைக் கழியுங்கள். ஆனியில் பருத்தவற்றைப் புது மண்ணில் நடுங்கள். பொடிசுகளைத் தனிப் பையில் நெருக்கமாகப் போட்டு ஒரு வருஷம் வளர்த்தால் அவையும் பூக்கும் பருமனுக்கு வந்துவிடும்.