ஒப்பந்தத்தில் உறுத்திய ஒரு சொல்

ஆத்தங்குடித் தரைக்கல்லில் சாயம் வெளுக்காமல் இருக்க ஒரு கலவை. காரைக்குடியில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதுதான் என் வேலை. பணம் தர ஒரு நிறுவனம் வந்தது. வரைவில், "ஆய்வில் பயன்படும், கிடைக்கும் அனைத்தும் நிதி தருபவருக்கே" என்று இருந்தது. 'பயன்படும்' என்றால் நான் பத்து வருஷமாகச் சேர்த்த குறிப்புகளும் சேர்ந்து போகும்!

"கூட்டு உரிமைன்னு போட்டுருங்க சார்" என்றார் உடன் வேலை செய்பவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கூட்டு உரிமையாளர் யாரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமலே தயாரித்து விற்கலாம். வெளியாருக்கு உரிமம் தர மட்டும் எல்லோர் சம்மதமும் வேண்டும். ஆலை அவர்களிடம். எங்களிடம் பட்டறைகூட இல்லை. பங்காளிகள் கையெழுத்துச் சேராமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாதா?

பழைய குறிப்புகளைத் தேதியோடு பட்டியலிட்டுப் பின்னிணைப்பாக்கி, அவை எங்களுடையவை என்று எழுதவைத்தேன். புதியது கல்லூரிக்கு, தரைக்கல்லுக்கு மட்டும் அவர்களுக்குத் தனி உரிமம். கட்டுரை வெளியிடும் முன் 60 நாள் அவகாசம், அதற்குள் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட. மூன்று வருஷத்தில் தயாரிக்காவிட்டால் உரிமம் ரத்து என்றதற்குத்தான் ரொம்ப இழுத்தார்கள். நான்கில் முடிந்தது.