தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் யோகா சத்சங்கம்: நடத்தப்போகும் பெண்ணுக்கு

உங்கள் வீட்டு முன்னறையில் ஆரம்பிக்காதீர்கள். வருகிறவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள், டீ, பிஸ்கட், பாத்திரம் எல்லாம் உங்கள் தலையில் விழும். கோயில் கமிட்டியிடம் மண்டபம் கேளுங்கள். காவடி, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ், புரட்டாசி நாட்களைக் காலண்டரில் நீங்களே அடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கமிட்டித் தாத்தாக்கள் பாதி சம்மதித்த மாதிரிதான்.

ஞாயிறு காலை ஆறு மணி நல்லது. டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் வெயில் ஏறிய பிறகு யாரும் குனிய மாட்டார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய அக்காமார். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி. அதனால் நாற்காலிகளை முதல் வரிசையிலேயே போடுங்கள். பின்னால் போட்டால் கூச்சப்பட்டு யாரும் உட்கார மாட்டார்கள். பிரஷரோ கண் அழுத்தமோ உள்ளவருக்குத் தலைகீழ் ஆசனமும் மூச்சை அடக்குவதும் வேண்டாம். நேரம் போதாவிட்டால் பஜனையில் ஒன்றைக் குறையுங்கள், சவாசனத்தைக் குறைக்காதீர்கள். பாட்டுத்தாளைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் அச்சடியுங்கள், பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பாடட்டும்.

பாய் அவரவர் கொண்டுவரட்டும். (ரிஷிகேசத்து யோகத் துறவி சுவாமி சிவானந்தர் பிறந்த பத்தமடை கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். 1949இல் டர்பனில் சிவானந்தரின் அமைப்பான தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும் அவர் வழி வந்தவர்தான்.)

இனிதான் கஷ்டமான பகுதி. சில மாதங்களில் உங்களை 'மாதாஜி' என்பார்கள், காலில் விழுவார்கள். அக்கா என்று கூப்பிடச் சொல்லுங்கள். விழ வருகிறவரின் கையில் பாட்டுத்தாள் கட்டைக் கொடுத்து விநியோகிக்கச் சொல்லுங்கள். உண்டியல் சாவி உங்களிடம் இருக்கவே கூடாது. இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் கணக்கைச் சுவரில் ஒட்டட்டும்.

வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி நிற்பாள். புருஷன் அடிக்கிறான் என்பாள். பிராணாயாமம் செய், பொறுத்துப் போ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வக்கீல் இல்லாமலே. கூடவே போங்கள். மற்றபடி இரவு எட்டுக்கு மேல் வாட்ஸ்அப்பை மூடிவையுங்கள். உங்கள் சொந்தத் தியானத்தை முதலில் தின்பது அதுதான். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைத் தானே வடிக்கட்டும். என்னவர் பருப்பும் வைக்கிறார், புளி மட்டும் தூக்கல்.

ஜெர்மனியில் பிறந்த சுவாமி சிவானந்த ராதா 1956இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, கனடாவில் யசோதரா ஆசிரமத்தை அமைத்தார். அவருக்குப் பின் அதை நடத்தியவர் சுவாமி ராதானந்தா, அவரும் பெண். நான் ராதாவிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான்: அடுத்தவள் தயாராக இருக்க வேண்டும். எனவே மாதத்தில் ஒரு ஞாயிறை முழுசாக இளையவள் ஒருத்தியிடம் விடுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் பாயைப் போடுங்கள். சுலோகத்தைத் தப்பாகச் சொன்னாலும் வாயைத் திறக்காதீர்கள். யாருடைய கழுத்தாவது மாட்டிக்கொள்ளும்போல் இருந்தால் மட்டும் எழுந்து போங்கள்.